ஏழேகால் வண்டியில் வளைகாப்பு

எங்கள் குடும்ப வரலாற்றை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடலாம். தாத்தா ஆவடியில் யாருடைய நிலத்திலோ நாற்று நட்டார், களை எடுத்தார், நெல் அறுத்தார். அந்த நிலத்தைப் பாக்டரி கட்ட எடுத்துக்கொண்டார்கள். தாத்தா முழங்கால் சேற்றில் நின்ற இடத்துக்கே நைனா, அதாவது எங்கள் அப்பா, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போனார். "எங்கப்பன் நெல்லு அறுத்தான், நான் இரும்பு அறுக்கறேன். ரெண்டு பேருக்கும் முதுவு வலிதான்" என்பார். அடுத்த தலைமுறை நானும் என் தங்கச்சியும். நாங்கள் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனோம். மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றுகிற கம்பெனியில் எனக்கு வேலை, வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற கம்பெனியில் அவளுக்கு. வரலாறு அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் வம்பு.

எண்பதுகளின் கடைசி அது. ஆவடியில் காலை ஏழேகாலுக்கு ஒரு லோக்கல் வரும். திருவள்ளூரிலிருந்து புறப்பட்டு, வழியெல்லாம் பெண்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வரும் வண்டி. அதன் லேடீஸ் பெட்டியை வெறும் பெட்டி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அங்கே பூ கட்டுவார்கள், கீரை ஆய்வார்கள், தலை பின்னுவார்கள், பையனுக்குப் பெண் பார்ப்பார்கள், பார்த்த பெண்ணை வேண்டாம் என்பார்கள். ஆயுத பூஜைக்கு வாசலில் வாழை இலை கட்டி, கம்பிக்கெல்லாம் சந்தனம் வைத்து, பொரி கடலை கொடுப்பார்கள். ஒரு தீபாவளிக்கு முதல் நாள் முறுக்கு பிழிகிற அச்சைக்கூட யாரோ கொண்டுவந்திருந்தார்கள். அடுப்பு ஒன்றுதான் அந்தப் பெட்டியில் நான் பார்த்ததில்லை.

பெட்டிக்குத் தலைவி ஒரு அக்கா. பெரம்பூர் பக்கம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அதனால் எல்லோருக்கும் டெலிபோன் அக்கா. திருவள்ளூரில் ஏறுவாள். ஏறினதும் ஜன்னலோரம் ஓர் இடத்தில் கைக்குட்டையை வீசி வைப்பாள். அது எனக்கு. அங்கிருந்து ஆவடி வரை எத்தனை ஸ்டேஷன், எத்தனை கூட்டம், ஆனாலும் அந்தக் கைக்குட்டையை ஒருத்தியும் தொட மாட்டாள். மூன்று வருஷம் அந்த ஜன்னல் என்னுடையது. தங்கச்சி என்னோடு ஆவடியில் ஏறி, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காற்றில் முடி பறக்க நிற்பாள். அவளுக்கு அதுதான் பிடிக்கும்.

அப்படி இருக்கையில் ஒரு புதன்கிழமை வேலைக்குப் போனவள் சாயங்காலம் வீட்டுக்கு வரவில்லை. அவளுடைய கம்பெனியில் துணி வெட்டுகிற பிரிவில் ஒரு பையன். அவனோடு ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டு பட்டாபிராமில் குடித்தனம் போய்விட்டாள். அவர்கள் வேறு ஆட்கள், நாங்கள் வேறு ஆட்கள். நைனா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் உசுரோட கீற வரைக்கும் அவ இந்த வாசப்படிய மெதிக்கக் கூடாது" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் பேச்சே இல்லை.

எனக்கு அப்போது பூந்தமல்லியில் ஒரு வரன் கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. தங்கச்சி இப்படிப் பண்ணியதும் அவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். ஊரே "ஐயோ பாவம், பெரியவ வாழ்க்கை போச்சே" என்றது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாப்பிள்ளை போனதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னை ஒரு தடவையும் பஜ்ஜித் தட்டை ஒன்பது தடவையும் பார்த்த ஆள் அவர். என் ஆத்திரம் வேறு. இருபது வருஷம் ஒரே பாயில் படுத்தவள், ஒரே சீப்பில் தலை வாரினவள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் வண்டியில் ஏறினால் டெலிபோன் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அப்போதுதான் புரிந்தது, பெட்டி முழுக்க எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கூடையோடு மூலையில் குந்தி வருகிற கீரைக்காரம்மாவுக்குக்கூடத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

அடுத்த வாரம் திங்கட்கிழமை நான் ஏறினபோது என் ஜன்னலில் என் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். பட்டாபிராம் ஆவடிக்கு முன்னால் வருகிற ஸ்டேஷன். முன்னால் ஏறுகிறவளுக்கு வசதிதானே. டெலிபோன் அக்கா எதிர் இருக்கையைக் காட்டி, "இங்க குந்தும்மா" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேறு பெட்டிக்குப் போகலாம். ஏன் போக வேண்டும்? மூன்று வருஷமாக என் பெட்டி. அவள் போகட்டும். எதிரில் உட்கார்ந்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் பெட்டிக்குள் பார்த்தேன். வெளியே திரும்பினால் அவள் முகம் கண்ணில் படும் என்பதால் நான் அந்தப் பக்கமே திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். எடுத்த முடிவில் நான் எவ்வளவு கெட்டி என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

இப்படிப் பதினாலு மாதம். தினமும் காலையில் முழங்காலுக்கு முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து, நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசிக்கொள்ளவில்லை என்றால் நேராகப் பேசவில்லை. "யக்கா, அவங்கம்மாவுக்கு முட்டி வலி எப்டிக்கீதுன்னு கேளு" என்பாள் தங்கச்சி, டெலிபோன் அக்காவிடம். "எங்கம்மா முட்டியப் பத்தி மத்தவங்களுக்கு இன்னா கவலைன்னு கேளு" என்பேன் நான். "அடிப் பாவிங்களா, நான் ஆபீசுலயும் லைன் குடுக்கறேன், இங்கயும் உங்க ரெண்டு பேருக்கு லைன் குடுக்கணுமா" என்று டெலிபோன் அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனாலும் கொடுப்பாள். ஒரு தடவை நான் இருமிக்கொண்டே வந்தபோது, தங்கச்சி பையிலிருந்து ஒரு பொட்டலம் மிளகு கல்கண்டு நாலு பேர் கை மாறி என் மடிக்கு வந்து சேர்ந்தது. யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. தின்றேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தாங்கவே இல்லை. அந்த ஜன்னலை அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள். காய்ச்சல் வந்து நடுங்கிக்கொண்டு வந்த ஒரு நாள், "காத்து அடிக்குது, இந்தப் பக்கம் வாடி" என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். வரவில்லை. மழைக்காலத்தில் சாரல் மூஞ்சியில் அடிக்கும். ஷட்டரை இறக்கவும் விடமாட்டாள். என்னை வெறுப்பேற்றத்தான் செய்கிறாள் என்று நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. எனக்கு அந்தச் செய்தியும் லைனில்தான் வந்தது. வீட்டில் போய்ச் சொல்லலாமா, வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்தேன். கடைசியில் அம்மா அரிசி களைந்துகொண்டிருக்கையில், "உன் சின்னப் பொண்ணு முழுவாம கீறாளாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அம்மா களைந்த தண்ணீரோடு பாதி அரிசியையும் கொட்டிவிட்டாள். நைனா வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. காற்று மட்டும் ரொம்ப நேரம் அடித்தார். அவர் அந்த வருஷமெல்லாம் வேலைக்குச் சீக்கிரமே கிளம்பிவிடுவார். எட்டு மணிச் சங்குக்கு ஏழு மணிக்கே சைக்கிளை எடுப்பார். "ஊட்டுக் காப்பி கசக்குதா, டீக்கடைல போய்க் குடிக்கணுமா" என்று அம்மா புலம்புவாள்.

ஏழாம் மாதம் வந்தது. வளைகாப்பு என்பது தாய் வீட்டார் செய்ய வேண்டியது. எங்கள் வீட்டிலோ அவள் பேரைச் சொன்னாலே கதவு சாத்துகிற கதை. அவன் வீட்டிலும் அதே கதைதான், இரண்டு தரப்புமே தலைமுழுகி இருந்தார்கள். இதெல்லாம் பெட்டிக்குத் தெரியும். அதனால் பெட்டி தானாகவே ஒரு முடிவெடுத்தது. என்னிடம் வழக்கம்போல யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை. வண்டி ஆவடியில் நுழையும்போதே பார்த்தேன், லேடீஸ் பெட்டி வாசலில் இரண்டு பக்கமும் வாழை இலை கட்டியிருந்தது. ஏறினால் ஒரே மல்லிகைப்பூ வாசனை. அதோடு புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து தூக்குகள் வரிசையாக இருந்தன. ஒருத்தி மடியில் வளையல் அட்டைப்பெட்டி. பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். என் தங்கச்சி பட்டுப்புடவை மாதிரி ஏதோ ஒன்று கட்டியிருந்தாள். பட்டு இல்லை, எனக்குத் தெரியாதா.

"எழுந்து வாடி, நடு சீட்டுல குந்து, எல்லாரும் பாக்கணுமில்ல" என்று டெலிபோன் அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"இரு யக்கா. ரயில்வே கேட் தாண்டட்டும். அப்பால வர்றேன்" என்றாள் அவள்.

"கேட்டு தாண்டினா அண்ணனூரு வந்துடும். பட்டரவாக்கத்துல நீங்க எறங்கணும். இருக்கறதே கால் மணி நேரம், இதுல இவளுக்கு ஜன்னல் கேக்குது" என்று நாலு பேர் சேர்ந்து அவளைத் தூக்காத குறையாக நடுவில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஜன்னலையே பார்த்தாள். அந்த நிலைமையிலும் இடத்துக்கு அடித்துக்கொள்கிறாளே என்று எனக்கு வந்ததே கோபம்.

அண்ணனூர் வருவதற்குள் சந்தனம் பூசி, குங்குமம் வைத்தாயிற்று. அடுத்து வேப்பிலைக் காப்பு. வேப்பங்கொழுந்தை வளையம்போல் முடிந்து முதலில் அதைத்தான் கையில் போட வேண்டும். பிறகுதான் கண்ணாடி வளையல். டெலிபோன் அக்கா காப்பை என் முன்னால் நீட்டினாள்.

"மொத காப்பு தாய் ஊட்டு ஆளுதான் போடணும். இந்தப் பொட்டில தாய் ஊட்டு ஆளு நீ ஒருத்திதான் கீற."

"கல்யாணம் ஆவாதவ போடக்கூடாது" என்றேன். சட்டம் பேசுவதில் நான் கெட்டிக்காரி.

"அதெல்லாம் தரைல நடக்கற வளைகாப்புக்கு. ரயில்ல நான் சொல்றதுதான் சட்டம். போடு."

"என்கிட்ட யாராவது முன்னாடியே சொன்னீங்களா?"

"சொன்னா நீ இன்னிக்கி வேற வண்டில போயிருப்ப."

பெட்டியே சிரித்தது. உண்மைதான், போயிருப்பேன். திருமுல்லைவாயில் பிளாட்பாரம் வந்துவிட்டது. ஏறின புதுப் பெண்கள் என்னவென்று தெரியாமலேயே குலவை போட்டார்கள். என் தங்கச்சி கையை நீட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை உப்பியிருந்தது. விரல் எல்லாம் வீங்கி, எங்கள் அம்மாவின் கை மாதிரியே ஆகியிருந்தது. அதைப் பார்த்ததும் என்னுடைய பதினாலு மாதமும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காப்பை வாங்கிப் போட்டேன்.

அது சுலபமாகப் போய்விட்டது. அடுத்து கண்ணாடி வளையலில்தான் மாட்டினோம். இவள் கை ரெண்டே கால் அளவு என்று யாரோ கேட்டு வைத்து வாங்கிவிட்டார்கள். வீங்கின கைக்கு அது எப்படி ஏறும்? ஒருத்தி தள்ளிப் பார்த்தாள், மூட்டில் நின்றது. இன்னொருத்தி அழுத்தினாள், இரண்டு வளையல் உடைந்தது. வளைகாப்பில் வளையல் உடையலாமா என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. எனக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுங்கடி" என்று முன்னால் உட்கார்ந்தேன். சின்ன வயசிலிருந்து அவளுக்கு வளையல் போட்டுவிடுகிறவள் நான். அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மூட்டை எந்த இடத்தில் அமுக்கினால் வளையல் வழுக்கும் என்று என் கைக்குத்தான் தெரியும்.

"கைய லூசா உடுடி, கட்டை மாதிரி வெச்சுகினு கீற" என்றேன்.

பதினாலு மாதத்துக்குப் பிறகு நேராகப் பேசின முதல் பேச்சு அது.

"லூசாத்தான் உட்டுக்கீறேன். நீதான் முரட்டுத்தனமா இழுக்கற" என்றாள் அவள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. எனக்கும்தான். அழுதுகொண்டே திட்டினேன், திட்டிக்கொண்டே ஒரு கைக்கு ஒன்பதும் இன்னொரு கைக்குப் பதினொன்றும் ஏற்றினேன். அம்பத்தூர் வந்ததும் சாதம் கட்டின பொட்டலங்கள் கைக்குக் கை பறந்தன. "அப்பாடா, எனுக்கு ஒரு வேலை மிச்சம்" என்று டெலிபோன் அக்கா மூக்கைச் சிந்தினாள்.

பட்டரவாக்கத்தில் வண்டி நிற்கிற நேரம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். நாங்கள் எஸ்டேட்காரர்கள் முட்டி மோதி இறங்கினோம். வில்லிவாக்கம் போகிற கீரைக்காரம்மா அதுவரை ஒன்றும் பேசாமல் சர்க்கரைப் பொங்கலை வழித்து நக்கிக்கொண்டிருந்தவள், வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏம்மா, வளையல் போட்டாச்சி. போட்ட கையோட தாய் ஊட்டுக்குத்தானே போவணும்? புருசன் ஊட்டுக்குத் திரும்பக் கூடாதே. இவ சாயங்காலம் எங்க போவா?"

வண்டி போய்விட்டது. பிளாட்பாரத்தில் ஏழெட்டுப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றோம். ஐந்து வகை சாதம் யோசித்தவர்கள், வேப்பங்கொழுந்து யோசித்தவர்கள், வாழை இலைக்குச் சணல் கயிறுகூட யோசித்தவர்கள், இதை யோசிக்கவில்லை. வளையல் போட்ட பெண் அன்றைக்குத் தாய் வீட்டு வாசலில்தான் ஏற வேண்டும். ஏறாமல் திரும்பினால் வயிற்றில் இருப்பதற்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். என் தங்கச்சி வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். வளையல் எல்லாம் குலுங்கியது.

"நைனா கதவ சாத்துவாருடி" என்றாள்.

"சாயங்காலம் ஆவட்டும். பாப்பம்" என்றேன். பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கு நான் சுற்றின கம்பியில் பாதியைப் பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டியிருந்தது. நைனா ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். அந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

சாயங்கால வண்டியில் டெலிபோன் அக்கா எங்களுக்காக வாசலில் தொங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் அந்த நினைப்பு பெரம்பூர் போகும் வழியிலேயே வந்துவிட்டதாம். நாள் முழுக்கத் தப்புத் தப்பாக லைன் கொடுத்திருக்கிறாள். ஆவடியில் நானும் தங்கச்சியும் இறங்கினால், அவளும் பின்னாலேயே இறங்கினாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர். "உங்க வண்டி போயிடுமே" என்றேன். "அடுத்த வண்டி வரும். தப்பு பண்ணினவங்க நாங்க, நீ மட்டும் போய் நின்னா எப்டி" என்றாள். மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி புருஷன், துணிப்பையோடு ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தான். மத்தியானமே கம்பெனியில் தங்கச்சி அவனிடம் சொல்லியிருந்தாள். எங்கள் தெரு முனை வரை வந்து, "நான் இங்கயே நிக்கறேன். உள்ள உட்டா சந்தோஷம். உடலன்னா கூட்டிகினு போயிடறேன். யார் மேலயும் கோவமில்ல" என்றான். பஜ்ஜி மாப்பிள்ளையை நினைத்துக்கொண்டேன். என் தங்கச்சிக்குப் புத்தி இருந்திருக்கிறது.

தெருவில் நாங்கள் ஏழு பெண்கள், கையில் காலித் தூக்குகள், நடுவில் வளையல் சத்தத்தோடு அவள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். நைனா அடிபம்பில் கால் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். பம்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். அம்மா உள்ளிருந்து ஓடி வந்து, நைனா முகத்தைப் பார்த்து, கதவோரமாக நின்றுவிட்டாள்.

டெலிபோன் அக்காதான் பேசினாள். "அண்ணாத்தே, தப்பு எங்க மேல. பொண்ணுக்கு யாரும் இல்லையேன்னு நாங்களே ரயில்ல வளையல் போட்டுட்டோம். போட்டதுக்கு அப்பாலதான் எங்க அனுப்பறதுன்னு நெனப்பு வந்துச்சு. உங்க வார்த்தைய ஒடைக்கணும்னு நாங்க வரல. ஆனா வளையல் போட்ட பொண்ணு திரும்பிப் போவக் கூடாது. இன்னா பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க."

நைனா துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். சரி, முடிந்தது, தெருமுனைக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று நான் நினைத்த நேரத்தில் அவர் தங்கச்சியைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னிக்கி ஏன் ஜன்னலாண்ட குந்தல?"

டெலிபோன் அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

"பொட்டில வாழை எல கட்டிக்கீறத பாத்தேன். உன்னக் காணோம். தெனம் கீறவளக் காணமே, ஒடம்புக்கு இன்னாவோ ஆயிடுச்சோன்னு நாளெல்லாம் கையும் ஓடல, காலும் ஓடல. யாரப் போயி கேக்கறது?" அவர் குரல் உடைந்தது. நான் அதற்கு முன்னால் அப்படிக் கேட்டதில்லை.

"நடுவுல குந்த வெச்சுட்டாங்க நைனா. கேட் தாண்டட்டும்னு சொன்னேன், கேக்கல" என்றாள் என் தங்கச்சி. நேற்றுப் பேசி விட்ட இடத்திலிருந்து பேசுகிற மாதிரி.

நைனா தலையை ஆட்டினார். பிறகு அம்மாவைப் பார்த்து, "புள்ளத்தாச்சிய எவ்ளோ நேரம் தெருவுல நிக்க வெப்ப? ஆரத்தி கர" என்றார். அம்மா எப்போதோ உள்ளே போய்க் கரைத்துக் கொண்டுவந்திருந்தாள், மஞ்சள் தண்ணீர் அவள் கையில் தளும்பிக்கொண்டிருந்தது. சுற்றிக் கொட்டினதும் நைனா தெருமுனைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது தெருமுனையில் நின்றவனின் துணிப்பை அவர் தோளில் இருந்தது. அவன் நாலடி பின்னால் வந்துகொண்டிருந்தான்.

டெலிபோன் அக்காவும் மற்றவர்களும் டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்க ஓடினார்கள். அடுப்பங்கரையில் தங்கச்சியை மடக்கினேன். சொன்னாள். கல்யாணமாகி வேலைக்குத் திரும்பின முதல் நாள், பட்டாபிராமில் ஏறினதும் டெலிபோன் அக்கா கைக்குட்டையை எடுத்துவிட்டுக் காட்டின இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அன்றைய கலக்கத்தில் அது என் ஜன்னல் என்றுகூட யோசிக்கவில்லையாம். ஆவடி தாண்டி ரயில்வே கேட் வந்ததும் பார்த்தால், மூடின கேட்டுக்குப் பக்கத்தில் நைனா. சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பெட்டியைப் பார்த்தபடி. பாக்டரி வடக்கே இருக்கிறது. கேட் கிழக்கே. மறுநாளும் நின்றார். அதற்கும் மறுநாளும். இவள் பார்த்தால் குனிந்து சைக்கிள் செயினைச் சரிபார்ப்பாராம்.

"அதுக்கோசரம்தான் அந்த எடத்த உடல. நான் வேற எடத்துல குந்தினா அவரு எங்க போய்த் தேடுவாரு?"

"இத ஏண்டி என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீ என்கிட்ட பேசினாத்தானே சொல்றதுக்கு."

"கல்யாணத்தை? அப்ப பேசிகினுதானே இருந்தேன்?"

"சொல்லியிருந்தா நைனா மூஞ்சியப் பாத்து நீ பொய் சொல்லணும். உனுக்கு அது வராது. மாட்டிகினு எனுக்காக நீ திட்டு வாங்கியிருப்ப" என்றாள். அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினேன்.

திங்கட்கிழமை நான் தனியாக வண்டி ஏறினேன். ஜன்னலில் டெலிபோன் அக்காவின் கைக்குட்டை இருந்தது. பழையபடி என் இடம். உட்கார்ந்தேன். எதிரில் யாரும் இல்லாததால் தைரியமாக வெளியே பார்க்கலாம். வண்டி நகர்ந்தது. தங்கச்சி வீட்டில் கால் நீட்டிப் படுத்திருக்கிறாள், அவளைப் பார்க்க இனி யாரும் எங்கேயும் போய் நிற்க வேண்டியதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பார்த்தேன்.

கேட் மூடியிருந்தது. லாரி ஒன்று, இரண்டு மாட்டுவண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்குப் பக்கத்தில் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நைனா நின்றார். ஜன்னலில் என்னைக் கண்டுபிடித்தார். நான் நேராகவே பார்ப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, சட்டென்று குனிந்து செயினைத் தொட்டார். நான் கையை வெளியே நீட்டி ஆட்டினேன். நிமிர்ந்து, ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து அவரும் ஆட்டினார். பதினாலு மாதமும் அந்தப் பெட்டியில் அவருக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். நான் ஒரு நாள்கூட வெளியே பார்க்கவில்லை.